ஒத்துழைக்காதவர்கள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

நர்சிங் இறுதியாண்டு படிக்கிறேன். இரண்டு வாரமாக மனநல வார்டில் டியூட்டி. என் தோழிகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் ஓடிக்கொண்டிருக்கிறார்கள். நான் இங்கே யாருடனாவது பேசிக்கொண்டிருக்கிறேன், இல்லையென்றால் பேசாமல் உட்கார்ந்திருக்கிறேன். இதெல்லாம் ஒரு வேலையா என்று கேலி செய்கிறார்கள். எனக்கு ஒதுக்கப்பட்ட நோயாளி சரியான அட்டென்ஷன் சீக்கர், ஒத்துழைப்பதே இல்லை. நேற்று, “உனக்கும் அந்தக் குரல் கேட்கிறதா?” என்றார். ஆமாம் என்றால் பொய். இல்லை என்றால் மனம் புண்படும். சிரித்து மழுப்பிவிட்டு வந்துவிட்டேன். என்ன சொல்லியிருக்க வேண்டும்? நர்ஸுக்கும் நோயாளிக்கும் இடையிலான சிகிச்சை உறவின் கட்டங்கள் மூன்றா, நான்கா என்பதையும் தெளிவுபடுத்த முடியுமா? உங்கள் அக்கா வார்டில் இருந்ததைப் பற்றி முன்பு எழுதியிருந்தீர்கள். அதனால்தான் கேட்கிறேன். என் பெயரைப் போட வேண்டாம்.

*

அன்புள்ள மாணவிக்கு,

கட்டங்கள் எத்தனை என்று உங்கள் ஆசிரியர் சொல்லித்தந்தாரோ அத்தனை எழுதிவிடுங்கள். அமெரிக்க நர்ஸ் ஹில்டகார்ட் பெப்லாவ் 1952இல் வெளிவந்த நூலில் நான்கு சொன்னார். பின்னால் வந்த பாடநூல்கள் பெயர்களை மாற்றி, நோயாளியைச் சந்திப்பதற்கு முந்தைய தயாரிப்பையும் சேர்த்து, வேறு மாதிரி எண்ணுகின்றன. தேர்வு முடிந்ததும் மறந்துவிடும், பரவாயில்லை. அதே 1952இல்தான் பாரிஸில் குளோர்ப்ரோமசின் என்ற மருந்தை மனநோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். மாத்திரை வந்த கதை எல்லோருக்கும் தெரியும். நர்ஸுக்கும் நோயாளிக்கும் நடுவே நடப்பதும் சிகிச்சைதான் என்று ஒரு நர்ஸ் எழுதியது உங்கள் கேள்வித்தாளுக்கு மட்டும்தான் தெரியும்போல. தோழிகளின் கேலிக்குப் பதில் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள்.

குரல் விஷயம். “எனக்குக் கேட்கவில்லை. உங்களுக்குக் கேட்கிறது என்பதை நம்புகிறேன். பயமாக இருக்கிறதா?” இவ்வளவுதான். அப்படி ஒரு குரலே இல்லை என்று வாதாட வேண்டாம், கேட்பதுபோல நடிக்கவும் வேண்டாம். அப்புறம், அந்தக் குரல் என்ன சொல்கிறது என்று கட்டாயம் கேட்க வேண்டும். அவரையோ பிறரையோ காயப்படுத்தச் சொல்கிறதா? சொன்னால் அதன்படி செய்யத் தோன்றுகிறதா? ஆம் என்றால் அந்த நிமிடமே பொறுப்பு நர்ஸிடம் சொல்லுங்கள். சாவைப் பற்றிக் கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்ததாகிவிடும் என்பது வீண் பயம்.

சரி, இப்போது உங்களைத் திட்டப்போகிறேன். ‘ஒத்துழைப்பதே இல்லை’ என்று எழுதியிருக்கிறீர்கள். என்ன செய்தார்? மாத்திரையைத் துப்பினாரா, குளிக்க மறுத்தாரா, உங்கள் கேள்விக்குச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாரா? இந்த மூன்றும் வேறு வேறு. இவ்வளவு பெரிய கடிதத்தில் அந்த மனிதர் செய்த ஒரே ஒரு காரியம்தான் எனக்குத் தெரியவருகிறது: உங்களிடம் ஒரு கேள்வி கேட்டார். தனக்கு நடப்பது நிஜமா என்று பக்கத்தில் இருப்பவரிடம் சரிபார்த்துக்கொள்ளப் பார்த்தார். இதற்கு நீங்கள் வைத்த பெயர் அட்டென்ஷன் சீக்கர்!

எழுத வருகிறவர்களிடம் நான் தொண்டை வறளக் கத்துவது இதைத்தான். பெயரடையை நீக்கு, நடந்ததைச் சொல். கதையில் பெயரடை தப்பாக விழுந்தால் கதை கெடும், அவ்வளவுதான். உங்கள் நோட்ஸில் தப்பாக விழுந்தால் என்ன ஆகும் என்று நான் பார்த்திருக்கிறேன்.

அக்காவை முதல் தடவை சேர்த்தபோது நான்தான் உடன் தங்கியிருந்தேன். ஹாலோபெரிடால் என்ற மனநோய் மருந்தைத் தொடங்கினார்கள். மூன்றாம் நாளிலிருந்து அக்கா நடக்க ஆரம்பித்தாள். ஜன்னலிலிருந்து கதவு, கதவிலிருந்து ஜன்னல். சாப்பிடும்போதுகூட நின்றுகொண்டு கால் மாற்றிக் கால் மாற்றி. மாத்திரை வேண்டாம் என்று வாயை மூடிக்கொண்டாள். ஷிஃப்ட் மாறும்போது ஹேண்டோவரில் வாசிப்பது என் காதில் விழும்: “அமைதியற்ற நிலை, ஒத்துழைக்கவில்லை.” அடுத்த ஷிஃப்டிலும் அதேதான். ஒருவர் எழுதியதைப் பார்த்து அடுத்தவர் எழுதினார். டாக்டருக்கு அவளுக்கென்று கிடைத்த நேரம் பத்து நிமிடம், கையில் இருந்தது அந்த இரண்டு சொற்கள். டோஸைக் கூட்டினார். அவள் இன்னும் வேகமாக நடந்தாள்.

நானும் யோக்கியன் இல்லை. “ஒரு நிமிஷம் உட்காரேன்டீ, உன்னால எல்லாருக்கும் தொல்லை” என்று கத்தியிருக்கிறேன். அவள் உட்கார்ந்து காட்டினாள். தொடைகளைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, என்னைப் பார்த்துக்கொண்டே. அரை நிமிடம்கூட இருக்க முடியவில்லை.

அன்று இரவு டியூட்டிக்கு வந்த நர்ஸ் அவளை உட்காரச் சொல்லவில்லை. கூடவே நடந்தார். மூன்று சுற்று ஒரு வார்த்தை பேசவில்லை. (உங்கள் பாடநூலில் ‘மௌனம்’ என்று ஒரு உத்தி இருக்குமே, அது இதுதான்.) பிறகு கேட்டார், “பரபரப்பு மனசுலயா, கால்லயா?”

“கால்லதான். மனசு தூங்கணும்னுதான் சொல்லுது” என்றாள் அக்கா.

அந்த நர்ஸ் மேசைக்குப் போய் அந்த வாக்கியத்தை அப்படியே, மேற்கோள் குறி போட்டு, எழுதினார். எத்தனை நிமிடம் உட்கார முடிந்தது, எந்த நாளில் தொடங்கியது என்பதையும் குறித்தார். காலையில் டாக்டர் படித்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். அகதீசியா. கிரேக்கச் சொல், உட்கார முடியாமை என்றே பொருள். மருந்தின் பக்கவிளைவு. அதை நோயின் கொந்தளிப்பு என்று நினைத்து மருந்தைக் கூட்டினால் மேலும் முற்றும். டோஸைக் குறைத்தார், அந்தப் பக்கவிளைவைத் தணிக்க ப்ரொப்ரனலால் என்ற மருந்தைச் சேர்த்தார். சில நாட்களில் அக்கா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து, முழு இட்லி ஒன்றைச் சாப்பிட்டாள். மாத்திரையையும் மறுக்கவில்லை.

நடப்பவர்களுக்கெல்லாம் அகதீசியா என்று நாளைக்குக் கிளம்பிவிடாதீர்கள். பதற்றத்திலும் நடப்பார்கள், சலிப்பிலும் நடப்பார்கள். எது என்று கண்டுபிடிப்பது டாக்டரின் வேலை. ஆனால் அவர் கண்டுபிடிப்பதற்கு வேண்டியதை இருபத்துநான்கு மணி நேரமும் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் நீங்கள்தான். ‘ஒத்துழைக்கவில்லை’ என்று எழுதிய அந்த நர்ஸுகள் கெட்டவர்கள் இல்லை. களைத்திருந்தார்கள். களைப்பில் கைக்கு முதலில் வருவது பெயரடைதான், எனக்கும் அப்படித்தான்.

நாளை டியூட்டியில் நேராக அவரிடம் போங்கள். “நேற்று நீங்கள் கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை, சிரித்துவிட்டேன். அது தப்பு” என்று சொல்லிவிட்டு, அந்தக் குரல் என்ன சொல்கிறது என்று கேளுங்கள். பதிலை எனக்கு எழுத வேண்டாம், அது அவருடைய சங்கதி. நோட்ஸில் எழுதுங்கள், அவர் சொன்னபடியே.