சங்கம் வேறு, குழு வேறு: பாடசாலைத் திட்டமும் பணமும் பற்றி வாசகர் கேள்விகள்

ஹட்டன் பக்கத் தோட்டமொன்றிலிருந்து ஒரு தாய் கேட்கிறார்: வருசா வருசம் ஸ்கூல் கூட்டத்தில கையெழுத்து வாங்குறாங்க. அப்புறம் "திட்டத்துக்குப் பெற்றோர் சம்மதிச்சாச்சு"ங்கிறாங்க. நாங்க எப்ப சம்மதிச்சோம்?

அடுத்த தடவை கையெழுத்துப் போடுமுன் அந்தத் தாளின் தலைப்பை வாசியுங்கள். அநேகமாக அது வரவுத்தாள். கூட்டத்துக்கு வந்ததற்கு அடையாளம், சம்மதத்துக்கு அல்ல.

திட்டம் என்று சொல்வது இரண்டு ஆவணங்களை. ஒன்று ஐந்தாண்டுத் திட்டம். மற்றது அதிலிருந்து ஒரு வருடத்து வேலையை மட்டும் எடுத்து, எந்த மாதம், யார் பொறுப்பு, எவ்வளவு செலவு என்று எழுதும் வருடாந்த அமுலாக்கல் திட்டம். அதிபரும் ஆசிரியர்களும் வரைவு எழுதுவார்கள். பெற்றோர், பழைய மாணவர் பிரதிநிதிகள் இருக்கும் பாடசாலை அபிவிருத்திக் குழு அதைப் பார்க்கும். அதன் பிறகுதான் வலயக் கல்விப் பணிமனைக்குப் போகும்.

சங்கம் வேறு, குழு வேறு. பிள்ளை படிக்கும் பெற்றோர் எல்லாரும் அபிவிருத்திச் சங்கத்தின் அங்கத்தவர்கள். குழுவில் சிலர்தான். உங்கள் பேச்சு எடுபட வேண்டுமானால் வரைவு குழுவுக்கு வருமுன் உங்கள் பிரதிநிதியைப் பிடியுங்கள். பொதுக்கூட்டத்தில் எழும்பிக் கத்தும்போது திட்டம் வலயத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். கூட்டம் வைப்பவர்களுக்கும் ஒரு சொல்: கிழமை நாளில் காலை பத்து மணிக்கு வைத்தால் கொழுந்தெடுக்கும் தாய்க்கு ஒரு பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், போய்விடும். பிறகு "பெற்றோருக்கு அக்கறையில்லை" என்று அறிக்கை எழுதுவது நியாயமில்லை. ஞாயிற்றுக்கிழமை வையுங்கள்.

தலவாக்கலையிலிருந்து ஓர் ஆசிரியை: "வாசிப்புத் திறனை மேம்படுத்தல்: ரூபா 25,000" என்று எழுதி அனுப்பினோம். திருத்தச் சொல்லித் திரும்பி வந்துவிட்டது. என்ன பிழை?

அந்த வரியை வைத்து வருட முடிவில் யாராலும் எதையும் சரிபார்க்க முடியாது. எத்தனை பிள்ளைகள், இப்போது என்ன நிலை, எந்த நிலைக்கு வர வேண்டும் என்று ஒன்றுமே இல்லை. 25,000 எப்படி வந்தது என்பதும் இல்லை. இப்படி ஆயிரத்தில் முழுதாக முடியும் தொகையைக் கண்டாலே பார்ப்பவருக்குச் சந்தேகம் வரும்.

இப்படி எழுதிப் பாருங்கள். தரம் 3இல் 42 பிள்ளைகள். முதலாம் தவணையில் ஒவ்வொருவரையும் தனித்தனியே வாசிக்க வைத்ததில் 19 பேருக்கு எழுத்துக் கூட்டவே வரவில்லை. மூன்றாம் தவணை முடிவில் அது 6ஆகக் குறைய வேண்டும். இது இலக்கு. இனிச் செலவு: 19 பிள்ளைகள், வாரம் 2 பக்கம், 30 வாரம் என்றால் 1,140 பக்கம். இருபுறமும் அடித்தால் 570 தாள். 500 தாள் கட்டு ஒன்று போதாது, இரண்டு எழுத வேண்டும். பிரதியெடுக்கும் செலவு உங்கள் ஊர் விலைப்படி. எழுத்தட்டைக்கு மட்டையும் மார்க்கரும் தனி வரி. கூட்டிப் பார்த்தால் 25,000இல் பாதிகூட வராமல் போகலாம். மிச்சத்தை வேறு வேலைக்கு எழுதலாம்.

இன்னொன்று. பக்கத்துப் பாடசாலைத் திட்டத்தைப் பார்த்து எழுதும் பழக்கம் நம்மிடையே உண்டு. ஆய்வுகூடமே இல்லாத ஆரம்பப் பாடசாலையின் திட்டத்தில் ஆய்வுகூட இரசாயனம் இருந்தால் திருப்பித்தான் அனுப்புவார்கள்.

பதுளையிலிருந்து ஒரு தந்தை: வகுப்பறைத் தகரம் ஒழுகுது. தர உள்ளீட்டுக் காசு வந்திருக்காம். அதில் ரெண்டு தகரம் வாங்கினால் என்ன?

வாங்கினால் கணக்காய்வில் அதிபர் மாட்டுவார். தர உள்ளீட்டு நிதி வகுப்பறைக் கற்றலுக்கு: தாள், வரைபடம், கற்றல் உபகரணம் போன்றவற்றுக்கு. கூரை வேலைக்கு வலயம், மாகாணம் வழியாகத்தான் கேட்க வேண்டும், தேசியப் பாடசாலையானால் கல்வி அமைச்சிடம். சின்ன ஒழுக்கை அபிவிருத்திச் சங்கப் பணத்தில் அடைக்கலாம். அதற்கும் குழுவின் தீர்மானம் கூட்டக் குறிப்பில் இருக்க வேண்டும். கோரிக்கையோடு எத்தனை தகரம், என்ன நீளம், எந்த வகுப்பு, எத்தனை பிள்ளைகள் என்று எழுதி, மழை நாளில் எடுத்த படத்தையும் வையுங்கள். மழை பிடித்த பிறகு எழுதும் கடிதம் அந்த வருட ஒதுக்கீட்டைப் பிடிப்பது கடினம். முந்திய வருடமே திட்டத்தில் ஏற வேண்டும்.

கொட்டகலையிலிருந்து ஒரு சங்க உறுப்பினர்: டிசம்பரில் அவசர அவசரமாகச் சாமான் வாங்குகிறார்கள். ஏன்?

நிதியாண்டு டிசம்பர் 31இல் முடிகிறது. பாடசாலைத் தவணை முன்பின்னாக நகர்ந்தாலும் அது நகராது. செலவாகாத அரச ஒதுக்கீடு காலாவதியாகிவிடும். சங்கத்தின் சொந்த வங்கிக் கணக்குப் பணம் அப்படிப் போகாது. காசு பிந்தி வருவது பாடசாலையின் குற்றமல்ல. ஆனால் விலைக்கோரலும் கொள்வனவுக் குழுவின் தீர்மானமும் தயாராக இருந்தால் காசு வந்த கிழமையே வாங்கலாம். இல்லாவிட்டால் கடையில் இருப்பதைத்தான் அள்ள வேண்டும். பாதி அலுமாரிகளில் பிரிக்கப்படாத பெட்டிகள் கிடப்பது இப்படித்தான். வாங்கியதும் பொருட்பதிவேட்டில் ஏற்றச் சொல்லுங்கள்.

பண்டாரவளையிலிருந்து ஒரு பழைய மாணவர்: கணக்கைக் காட்டச் சொன்னால் மழுப்புகிறார்கள்.

முதலில் பொதுக்கூட்டத்தில் கேளுங்கள். சரிவராவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி தகவல் அலுவலரிடம் விண்ணப்பியுங்கள். காரணம் சொல்லத் தேவையில்லை. எழுத முடியாதவர் வாயாலும் கேட்கலாம். 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். "எல்லாக் கணக்கும்" என்று கேட்காதீர்கள். எந்த வருடம், எந்த நிதி, எந்த வவுச்சர் என்று குறிப்பிட்டுக் கேளுங்கள். விண்ணப்பம் கொடுத்ததற்குப் பற்றுச்சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.