காட்டு டூரிசத்துல ஊர்க்காரங்களுக்கு என்ன இடம்? கேளுங்க, சொல்றேன்

கேள்வி: அண்ணா, எங்க மலையில சூழல் சுற்றுலா வரப்போகுதாம், எங்களுக்கு வாட்ச்மேன் வேலை தர்றாங்களாம். மக்கள் பங்களிப்புன்னா இதுதானா?

பதில்: இல்ல தம்பி. வேலை குடுக்குறது வேற, திட்டம் போடுறப்பவே கூப்பிட்டு உக்கார வெச்சு கேக்குறது வேற. எந்தப் பாதையில ஆள விடலாம், எந்த மாசம் மூடணும், ஒரு நாளைக்கு எத்தனை பேரு, டிக்கெட் காசு யாருக்குப் போகுது, இதெல்லாம் முடிவாகுறதுக்கு முன்னாடியே கிராம சபையில பேசியாகணும். யானை எந்த ஓடையில எப்ப இறங்கும்னு அங்க மாடு மேய்க்கிறவருக்குத்தான் தெரியும், மேப்ல இருக்காது.

கேள்வி: தேக்கடியில மரப்பட்டை திருடினவங்களையே கைடு ஆக்கினாங்களாமே, நெசமா?

பதில்: நெசம்தான். திருடினவங்கன்னே சொல்லிட்டு இருக்காதீங்க, கேக்க கஷ்டமா இருக்கு. வயணப் பட்டை, அதாவது காட்டுல வளர்ற லவங்கப் பட்டை மாதிரி ஒண்ணு, அதை உரிச்சு வித்துதான் அவங்க பொழப்பு ஓடுச்சு, கேஸும் ஏகப்பட்டது. 1990கள் கடைசியில வனத்துறை அவங்களோட உக்காந்து பேசி ஒரு கமிட்டியா சேத்துச்சு, அப்புறம் ஒளிஞ்சு நடந்த அதே காட்டுல டூரிஸ்ட்ட கூட்டிட்டுப் போறாங்க, ரோந்தும் போறாங்க. ஒருதடவை நான் கூடப் போனேன், முன்னாடி போனவரு யானை லத்திய பாத்து நின்னாரு, புறங்கையை மேல வெச்சு சூடு பாத்தாரு, எங்களை அப்படியே வந்த வழியா திருப்பிட்டாரு. ஒரு வார்த்தை பேசல. அந்த அறிவை எந்த ட்ரெய்னிங்ல குடுப்பீங்க?

கேள்வி: பொம்பளைங்களுக்கு இதுல என்ன சார் இருக்கு, சமையல் மட்டும்தானா?

பதில்: அதே தேக்கடியில வசந்த சேனான்னு பொம்பளைங்க குழுவே இருக்குமா, 2002ல ஆரம்பிச்சது, சம்பளம் வாங்காம முறை போட்டு காட்டுக்குள்ள ரோந்து போனாங்க. சமையலையும் கொறைச்சு பேசாதீங்க. காரமடை பக்கம் பரளிக்காட்டுல பரிசல் சவாரி முடிஞ்சதும் பழங்குடி அக்காங்க ராகி களி உருண்டையோட சாப்பாடு போடுவாங்க, அந்த காசு அந்த ஊர்லயே நிக்குது. வெளியூர் ரிசார்ட்டுல தங்கினா நிக்குமா?

கேள்வி: எங்களைக் கேக்கலைன்னா என்ன பண்றது?

பதில்: 2006 வன உரிமைச் சட்டத்துல காட்டையும் வனவிலங்கையும் பாதுகாக்க கிராம சபைக்கு அதிகாரம் இருக்கு. புலிகள் காப்பகம்னா, தேசிய புலிகள் பாதுகாப்பு ஆணையம் போட்ட 2012 சுற்றுலா வழிகாட்டுதல்படி உள்ளூர் ஆலோசனைக் குழு இருக்கணும், உங்க பஞ்சாயத்து ஆளு அதுல இருக்காரான்னு மொதல்ல கேளுங்க. கூட்டத்துல பேசினத தமிழ்ல எழுதி வாசிச்சுக் காட்டாம மட்டும் கையெழுத்து போட்றாதீங்க.