"தவிர்க்க முடியாத காரணங்களால்" ரத்தான சுற்றுலா: பணம் யார் தலையில்?

கேள்வி: வணக்கம் சார். என் மகள் பள்ளியின் கடைசி வகுப்பில் படிக்கிறாள். நான்கு நாள் சுற்றுலா என்று ஏழு மாதம் முன்பே சொல்லி மூன்று தவணையாகப் பணம் வாங்கினார்கள். முதல் இரண்டு தவணையை வங்கிக் கணக்கிலிருந்து கட்டினேன், மூன்றாவதற்குக் கையில் இல்லாமல் கிரெடிட் கார்டில் தேய்த்தேன், அதை இன்னும் அடைத்து முடிக்கவில்லை. கிளம்ப 12 நாள் இருக்கும்போது "தவிர்க்க முடியாத காரணங்களால் சுற்றுலா ரத்து" என்று சுற்றறிக்கை வந்தது. 40 சதவீதத்தைத் திருப்பித் தருவார்களாம், மீதி 60 சதவீதத்தை அடுத்த ஆண்டுச் சுற்றுலாக் கட்டணத்தில் கழித்துக்கொள்வார்களாம். அடுத்த ஆண்டு என் மகள் அந்தப் பள்ளியிலேயே இருக்க மாட்டாள்! பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் பாதிப் பேர் "விட்டுவிடுங்கள், படிப்பு முடியப்போகிறது, எதற்குப் பகை" என்கிறார்கள், மீதிப் பேர் வழக்குப் போடலாம் என்கிறார்கள். ஏன் ரத்தானது என்றே யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. தேர்வுத் தேதி மாறியது என்கிறார் ஒருவர், ஆள் சேரவில்லை என்கிறார் இன்னொருவர். இந்த நஷ்டம் நியாயமாக யாருடையது?

பதில்: பள்ளியை அப்புறம் பார்ப்போம், முதலில் அந்தக் கார்டு பாக்கி. பள்ளி பணம் தரட்டும், அதை வைத்து அடைக்கலாம் என்று காத்திருக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. எல்லாரும் செய்வதுதான், ஆனால் பள்ளியோடு பேச்சுவார்த்தை மூன்று மாதமும் இழுக்கும், ஆறு மாதமும் இழுக்கும், கார்டு வட்டி அதுவரை பொறுத்திருக்காது. மாதம் 3 சதவீதம் என்றால் காதுக்குச் சின்னதாகத்தான் கேட்கும். வட்டிக்கு வட்டி சேர்ந்தால் ஆண்டுக்கு 42 சதவீதத்தைத் தாண்டும். சேமிப்பில் எடுக்க முடிந்தால் எடுத்து இந்த மாதமே அடைத்துவிடுங்கள், முடியாவிட்டால் வட்டி குறைவான வேறு கடனுக்கு மாற்ற முடியுமா என்று வங்கியில் கேளுங்கள். பள்ளியிலிருந்து வருவது வரும்போது வரட்டும்.

சரி, இப்போது அந்த 60 சதவீதம்.

சுற்றறிக்கையை இன்னொரு தடவை படித்துப் பாருங்கள். 60 சதவீதம் போய்விட்டது என்று அதில் இல்லை. அடுத்த ஆண்டு கழித்துக்கொள்வோம் என்றுதான் இருக்கிறது. தொலைந்துபோன பணத்தை அடுத்த ஆண்டு எப்படிக் கழிக்க முடியும்? கழிக்க முடிகிறது என்றால் அது எங்கேயோ பத்திரமாக இருக்கிறது, பள்ளியின் கணக்கிலோ டூர் ஏற்பாட்டாளர் கணக்கிலோ. வேறு யாரோ ஒரு பிள்ளையின் அடுத்த ஆண்டுப் பயணத்துக்கு உதவுகிற பணம் உங்களுக்கு மட்டும் நஷ்டமாவது எந்தக் கணக்கில் சேர்த்தி? உங்கள் வாதத்தில் பலமான இடம் இதுதான். குழுவில் வழக்கு, பகை என்று பேசுகிறவர்கள் இதைக் கவனித்த மாதிரித் தெரியவில்லை.

இன்னொன்று, 60 மாதிரி வட்டமான எண்ணைப் பார்த்தாலே எனக்குச் சந்தேகம் வரும். ரசீதுகளைக் கூட்டி வருகிற நஷ்டம் 23 சொச்சம், 37 சொச்சம் என்று கோணல்மாணலாகத்தான் வரும். நீங்கள் கட்டியதை 100 என்று வைத்துக்கொண்டு பிரித்துப் பார்ப்போமே. போக்குவரத்து 35, தங்குமிடம் 30, சாப்பாடு 15, நுழைவுச்சீட்டு 8, காப்பீடும் சில்லறைச் செலவும் 5, மீதி 7 கூட வரும் ஆசிரியர்களின் செலவு. (ஆசிரியர்கள் செலவைப் பிள்ளைகள் கட்டணத்தில் பிரித்துப் போடுவது பல இடங்களில் நடப்பதுதான். போடுவதில் தப்பில்லை, சொல்லாமல் போடுவதுதான் தப்பு.) இது என் உத்தேசக் கணக்கு, உங்கள் பள்ளியின் எண்கள் வேறாக இருக்கும். ஆனாலும் இதில் சாப்பாடு சமைக்கப்படவே இல்லை, ஆசிரியர்கள் வீட்டை விட்டுக் கிளம்பவே இல்லை, நுழைவுச்சீட்டு பெரும்பாலும் போன அன்றைக்கு வாசலில் வாங்குவது. ஆக 30 தொடப்படாமல் அப்படியே இருக்க வேண்டும். பஸ்காரர் முன்பணத்தைப் பிடித்துக்கொள்வார், ஓடாத வண்டிக்கு முழு வாடகை முன்கூட்டியே வாங்கியிருப்பது அபூர்வம். தங்குமிடத்துக்காரர்கள் படிப்படியாக விதி வைத்திருப்பார்கள், ஒரு மாதம் முன்பு சொன்னால் கொஞ்சம், இரண்டு வாரத்துக்குள் என்றால் பாதி, கடைசி நாள் என்றால் மொத்தமும் போச்சு என்கிற மாதிரி. போக்குவரத்திலும் தங்குமிடத்திலும் பாதி போய், காப்பீடும் சில்லறையும் முழுதாகவே போனாலும் நஷ்டம் 37.5. அறுபதுக்குப் பக்கத்தில்கூட வரவில்லை.

ஒருவேளை பள்ளி எல்லாவற்றையும் ஒரே ஏற்பாட்டாளரிடம் மொத்தமாக ஒப்படைத்து, அவர்தான் 60 பிடிக்கிறார் என்றால்? இருக்கலாம். அப்படியானால் அவரோடு போட்ட ஒப்பந்தமும் அவர் அனுப்பிய ரத்துக் கணக்கும் அலுவலகத்தில் ஒரு கோப்பில் இருக்கும், எடுத்துக் காட்டட்டும்.

அப்புறம் காரணம். "தவிர்க்க முடியாத காரணங்களால்" என்ற சொற்றொடர் எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. நஷ்டம் யாருடையது என்பதே காரணத்தை வைத்துத்தான் முடிவாக வேண்டும், அந்தக் காரணத்தையே இது மூடி மறைத்துவிடுகிறது. போகிற இடத்தில் வெள்ளம், சாலை துண்டிப்பு, அரசுத் தடை என்றால் யாரையும் குற்றம் சொல்ல முடியாது. உண்மையிலேயே திரும்பி வராத பகுதியைக் குடும்பங்கள் சமமாகப் பகிர்ந்துகொள்ளலாம், நானாக இருந்தால் அதற்கு மேல் சண்டை போட மாட்டேன். பள்ளியே தேர்வுத் தேதியை மாற்றிவிட்டுச் சுற்றுலாவை ரத்து செய்ததென்றால் அது பள்ளியின் முடிவு, பள்ளிதான் தாங்க வேண்டும். தேதியை மாற்றியது மேலே உள்ள தேர்வு வாரியம் என்றால் கொஞ்சம் சிக்கல், அங்கே பாதிக்குப் பாதி என்று பேசினால்கூட ஒப்புக்கொள்வேன்.

ஆள் சேரவில்லை என்பதுதான் எனக்கு நம்பும்படியாக இருக்கிறது. 45 பேர் வருவார்கள் என்று கணக்குப் போட்டு ஒரு பஸ் பேசுகிறார்கள், 28 பேர்தான் சேர்கிறார்கள் என்று வையுங்கள். பஸ் வாடகை மாறாது, ஆனால் ஒரு தலைக்கு விழும் பங்கு 60 சதவீதம் ஏறிவிடும். அதைப் பெற்றோரிடம் கேட்கக் கூச்சப்பட்டு ரத்து செய்வார்கள். இதில் தவிர்க்க முடியாதது என்று எதுவும் இல்லை, ஒரு மதிப்பீடு தப்பிவிட்டது, அவ்வளவுதான். குறைந்தது இத்தனை பேர் சேர்ந்தால்தான் போவோம், சேராவிட்டால் இந்தத் தேதிக்குள் முழுப் பணத்தையும் தருவோம் என்று முதல் தவணை வாங்கும்போதே எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். எழுதித் தரவில்லை என்றால் மதிப்பிட்டவர்தான் அந்த நஷ்டத்தைச் சுமக்க வேண்டும். உங்கள் பிள்ளை மட்டும் உடம்பு சரியில்லாமல் வர முடியாமல் போயிருந்தால் பேச்சே வேறு, அப்போது பங்கு உங்களுடையதுதான்.

எந்த நாட்டிலிருந்து எழுதுகிறீர்கள் என்று குறிப்பிடவில்லை, அதனால் சட்டத்தைப் பொதுவாகத்தான் சொல்ல முடியும். இந்தத் தகராறு பழையது. 1902இல் இங்கிலாந்து மன்னர் ஏழாம் எட்வர்டின் முடிசூட்டு ஊர்வலம் பார்க்க ஒருவர் லண்டனில் தெருவைப் பார்த்த அறைகளை இரண்டு நாளுக்கு 75 பவுண்டு பேசி, 25 பவுண்டு முன்பணமும் கட்டினார். மன்னருக்கு உடம்பு சரியில்லாமல் போய் ஊர்வலம் தள்ளிப்போனது. மீதி 50 பவுண்டைக் கேட்டு வீட்டுக்காரர் வழக்குப் போட, தரவேண்டியதில்லை என்று 1903இல் தீர்ப்பானது. ஆனால் கட்டிய 25 பவுண்டு கட்டியதுதான், திரும்பி வரவில்லை. கொடுத்தவனுக்குத்தான் நஷ்டம் என்ற அந்த நிலையை மாற்ற அங்கே 1943இல் தனிச் சட்டமே வந்தது: வாங்கிய பணத்தைத் திருப்பித் தர வேண்டும், உண்மையாகச் செய்த செலவுக்கு மட்டும் நியாயமான ஒரு பங்கைப் பிடித்துக்கொள்ள நீதிமன்றம் அனுமதிக்கலாம். இந்தியாவில் 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 65ஆம் பிரிவும், ஒப்பந்தம் செல்லாமல் போனால் அதில் பெற்ற பலனைத் திருப்பித் தரவேண்டும் என்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில், போக்குவரத்து, தங்குமிடம் என்று சேர்த்து ஒரே விலைக்கு விற்கும் தொகுப்புச் சுற்றுலாவை ஏற்பாட்டாளரே ரத்து செய்தால் முழுப் பணத்தையும் 14 நாளுக்குள் தந்தாக வேண்டும். ஆனால் நீங்கள் கையெழுத்துப் போட்ட படிவத்தில் ரத்து விதி என்று ஏதாவது இருந்தால் பேச்சு அதிலிருந்துதான் தொடங்கும், தேடி எடுத்துப் படியுங்கள்.

அடுத்த ஆண்டுக் கழிவு என்பதற்குப் பெயர் என்ன வைத்தாலும் அது வவுச்சர்தான். வவுச்சரை வாங்கிக்கொள்கிறவர் வட்டியில்லாமல், அடமானம் இல்லாமல் கடன் கொடுக்கிறார். ஏற்பாட்டாளர் கடையை மூடினால் கடன் கொடுத்தவர்கள் வரிசையில் கடைசியில் நிற்க வேண்டியதுதான். 2020இல் கொரோனா வந்தபோது உலகம் முழுக்க இதைத்தான் நீட்டினார்கள், பயணியின் சம்மதம் இல்லாமல் வவுச்சரைத் திணிக்கக் கூடாது என்று ஐரோப்பிய ஆணையம் அந்த மே மாதமே சொல்லவேண்டி வந்தது. தங்கையோ தம்பியோ அதே பள்ளியில் படிக்கிற வீட்டுக்கு இது ஒருவேளை சரிப்படலாம், உங்களுக்குச் சரிப்படாது. "சம்மதம்" என்று எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள், குழுவில் கட்டைவிரல் படமும் போடாதீர்கள்.

காப்பீடு எடுத்திருக்கிறார்களா என்றும் கேளுங்கள், ஆனால் அதை ரொம்ப நம்ப வேண்டாம். பயணக் காப்பீடு பெரும்பாலும் பட்டியலில் எழுதிய காரணங்களுக்குத்தான் பணம் தரும், நாங்களே வேண்டாம் என்று முடிவு செய்தோம் என்றால் தராது.

மூன்றாவது தவணையைக் கார்டில் கட்டியது இங்கே உங்களுக்குச் சாதகம். தராத சேவைக்கு வாங்கிய பணம் என்று கார்டு கொடுத்த வங்கியிடம் புகார் செய்து திரும்பக் கேட்கலாம், இதைச் சார்ஜ்பேக் என்பார்கள். இதற்குக் காலக்கெடு உண்டு, பொதுவாக 120 நாள் அளவில். எந்தத் தேதியிலிருந்து எண்ணுவார்கள் என்று வங்கியில் கேட்டு நாட்காட்டியில் குறித்துவையுங்கள். ஆனால் இன்றைக்கே அதைச் செய்யாதீர்கள். மகளின் சான்றிதழ்கள் இன்னும் அந்தப் பள்ளியில்தான் இருக்கின்றன, முதலில் கடிதம் போதும்.

வழக்கு வேண்டாம் என்றுதான் நானும் சொல்வேன், நான்கு நாள் சுற்றுலாப் பணத்தை விட அலைச்சல் அதிகம். ஆனால் "விட்டுவிடுங்கள்" என்கிறார்களே, அவர்களில் எத்தனை பேர் கார்டில் தேய்த்துக் கட்டினார்கள்? தவணைக்காக நகையை வைத்த வீடும் அந்தக் குழுவில் இருக்கலாம், வெளியே சொல்லமாட்டார்கள். அதனால் குழுவில் விவாதம் செய்யாமல், ஒத்துக்கொள்கிற ஐந்தாறு பெற்றோர் சேர்ந்து கையெழுத்துப் போட்டு ஒரே கடிதமாகக் கொடுங்கள். இவ்வளவு போதும்:

"சுற்றுலா ரத்தானதற்கான காரணத்தையும், ரத்து செய்ய முடிவெடுத்தது யார் என்பதையும் எழுத்தில் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறோம். எங்களிடம் வாங்கிய தொகையில் யார் யாருக்கு எவ்வளவு கட்டப்பட்டது, அதில் எவ்வளவு திரும்பி வந்தது, எவ்வளவு வராது என்பதை ரசீதுகளோடு காட்டவும். திரும்பி வராத தொகை போக மீதியைப் பணமாகவே தரவும். எங்கள் பிள்ளைகள் அடுத்த ஆண்டு இப்பள்ளியில் படிக்கமாட்டார்கள் என்பதால் அடுத்த ஆண்டுக் கழிவை ஏற்க இயலாது."

தேதி போட்டு, அலுவலகத்தில் ஒரு நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள், இரண்டு வாரம் பொறுங்கள். கணக்கு வந்தால் எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள், பஸ்காரர் ரசீதிலிருந்து பார்க்க ஆரம்பிப்போம்.