எல்லாரும் தாங்குகிறார்களே: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

ஒரு வருடமாக எதையும் தாங்கும் சக்தி எனக்குக் குறைந்துகொண்டே வருகிறது. அலுவலகத்தில் ஆள்குறைப்புக்குப் பிறகு மூன்று பேர் வேலையை இரண்டு பேர் பார்க்கிறோம். வீட்டில் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. முன்பெல்லாம் மேலாளர் ஏதாவது சொன்னால் மதியத்துக்குள் மறந்துவிடுவேன், இப்போது ராத்திரி வரை அதுவே மண்டைக்குள் ஓடுகிறது. போன மாதம் மனவலிமைப் பயிற்சி என்று ஒரு நாள் வகுப்பு வைத்தார்கள். மூச்சை இழுத்து விடுங்கள், நல்லதையே நினையுங்கள், எல்லாம் உங்கள் மனதில்தான் இருக்கிறது என்றார்கள். வெளியே வந்தபோது குற்றவுணர்ச்சிதான் கூடியது. பக்கத்து மேசைக்காரர் இதே வேலையைச் சிரித்துக்கொண்டே செய்கிறார். எனக்கு மட்டும் ஏன் முடியவில்லை? இதெல்லாம் பிறவியிலேயே வருவதா, வளர்த்துக்கொள்ள முடியுமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

ஆள் குறைந்து, வேலை கூடி, வீட்டிலும் ஒருவர் முடியாமல் இருக்கும்போது மனம் களைத்துப்போகத்தான் செய்யும். அதில் கோளாறு எதுவும் இல்லை. வேலையால் ஆள் முழுக்கக் களைத்துப்போவதை பர்ன்அவுட் என்கிறோமே, அதை உலக சுகாதார நிறுவனம் 2019ல் ஏற்றுக்கொண்ட புதிய நோய் வகைப்பாட்டில் ஒரு நோயாகச் சேர்க்கவில்லை. வேலையிடத்தில் நாள்பட்ட அழுத்தம் சரியாகக் கையாளப்படாததால் வருவது என்றுதான் வரையறுத்திருக்கிறது. படபடப்பு ஏறும்போது மூச்சுப் பயிற்சி உதவும், அதை விட்டுவிடாதீர்கள். ஆனால் மூன்று பேர் வேலை இரண்டு பேர் தலையில் விழுந்திருப்பதை எந்த மூச்சும் மாற்றாது. அதைச் சொல்லாமல் எல்லாம் உங்கள் மனதில்தான் என்று சொல்லி அனுப்பியது எனக்குக் கோபத்தையே வரவழைக்கிறது.

வளர்த்துக்கொள்ள முடியுமா என்றால், முடியும். எது வளர்கிறது என்பதற்கு ஒரு பழைய சோதனையைச் சொல்கிறேன், இன்றைக்குப் படித்தால் மனசு கஷ்டப்படும். 1967ல் மார்ட்டின் செலிக்மன், ஸ்டீவன் மையர் என்ற இரண்டு உளவியலாளர்கள் நாய்களுக்கு மின் அதிர்ச்சி கொடுத்துப் பார்த்தார்கள். ஒரு கூட்டம் தலையால் பக்கத்துப் பலகையை அழுத்தினால் அதிர்ச்சி நின்றுவிடும். இன்னொரு கூட்டம் என்ன செய்தாலும் நிற்காது. முதல் கூட்டத்துக்கு எவ்வளவு நேரமோ அவ்வளவு நேரம்தான் அதற்கும் கொடுத்தார்கள், அதனால் வாங்கிய வலி இரண்டுக்கும் ஒரே அளவுதான். அப்புறம், தாழ்வான ஒரு தடுப்பைத் தாண்டினால் தப்பிக்கலாம் என்ற பெட்டிக்குள் விட்டபோது முதல் கூட்டம் தாண்டிக் குதித்தது, இரண்டாவதில் பெரும்பாலானவை முயற்சியே செய்யாமல் வலியை வாங்கிக்கொண்டு கிடந்தன. இயலாமையை அவை கற்றுக்கொண்டுவிட்டன என்று அப்போது விளக்கினார்கள். கிட்டத்தட்ட ஐம்பது வருடம் கழித்து, 2016ல், மூளையைப் பற்றி அதற்குள் தெரியவந்ததை வைத்து அந்த விளக்கத்தை அவர்களே தலைகீழாக மாற்றினார்கள். நீண்ட துன்பத்தில் சுருண்டுகொள்வது மூளையின் இயல்பு, அதை யாரும் கற்க வேண்டியதில்லை. நான் ஏதாவது செய்தால் இது மாறும் என்பதுதான் கற்றுக்கொள்ளப்படுவது. ஒரு தடவை அப்படிக் கற்றுவிட்டால், பிறகு கையை மீறிய துன்பம் வரும்போதும் அது கொஞ்சம் காப்பாற்றுகிறது.

பக்கத்து மேசைக்காரரையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். அவருக்கும் உங்களுக்கும் வேலை ஒன்றாக இருக்கலாம், ஆனால் எதை முதலில் செய்வது என்று அவரே முடிவு செய்கிறாரா, வீட்டுக்குப் போனால் அவரைப் பார்த்துக்கொள்ள யாராவது இருக்கிறார்களா, இதெல்லாம் அவர் முகத்தைப் பார்த்துத் தெரியாது. வேலையிட அழுத்தத்தை ஆராய்ந்த ராபர்ட் கராசெக் 1979லேயே சொன்னது இதுதான்: வேலை அதிகமாக இருந்து, அதில் நம் முடிவுக்கு இடமே இல்லாமலும் போகும்போதுதான் ஆள் அதிகம் உடைகிறார்.

அதனால் நான் சொல்வது, தாங்கும் சக்தியைத் தேடுவதைக் கொஞ்சம் ஒத்திவைத்துவிட்டு, உங்கள் கைக்கு எட்டுகிற ஒன்றைப் பிடியுங்கள். மேலாளரிடம் போய் முடியவில்லை என்று சொன்னால் அவர் காதில் புலம்பலாகத்தான் விழும். ஒரு தாளில் இந்த வாரத்து வேலைகளை எழுதி, எது எத்தனை மணி நேரம் பிடிக்கும் என்று பக்கத்திலேயே போட்டுக்கொண்டு போங்கள். இதில் இந்த வாரம் மூன்றை ஒழுங்காக முடிப்பேன், எந்த மூன்று என்று நீங்கள் சொல்லுங்கள் என்று கேளுங்கள். எல்லாமே வேண்டும் என்பார், பெரும்பாலும் அப்படித்தான் சொல்வார்கள். சரி, எந்த வரிசையில் என்று கேட்டு, அவர் சொன்னதை அன்றைக்கே மின்னஞ்சலில் போட்டுவிடுங்கள். அடுத்த வாரம் நான்காவது வேலை ஏன் முடியவில்லை என்ற பேச்சு வந்தால் காட்ட ஒன்று இருக்கும். வேலை குறையாமல் போகலாம், ஆனாலும் தலையில் விழுவதை வாங்கிக்கொண்டே இருப்பதும் இதுவும் ஒன்றல்ல.

ராத்திரி ஓடுகிற யோசனைக்கு, படுக்கும் முன் ஐந்து நிமிடம் நாளைக்குச் செய்ய வேண்டியதை விவரமாகக் காகிதத்தில் எழுதிவிடுங்கள். 2018ல் வந்த ஒரு சிறிய ஆய்வில், அப்படி எழுதியவர்கள் முடித்த வேலைகளை எழுதியவர்களைவிடச் சீக்கிரம் தூங்கினார்கள்.

அந்த நாய்களின் கதையில் மிச்சம் ஒன்று இருக்கிறது, எனக்கு முக்கியமாகப் படுவதும் அதுதான். அசையாமல் கிடந்தவற்றை மீட்க 1968ல் என்னென்னவோ செய்து பார்த்தார்கள். கடைசியில் பலித்தது, கழுத்தில் கயிறு போட்டுத் தடுப்புக்கு அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டு போனது. முதலில் பலமாக இழுக்க வேண்டியிருந்தது, போகப் போக லேசாக இழுத்தாலே போதும் என்றானது, பிறகு தானாகவே தாண்டின. ஒரு கட்டத்துக்கு மேல் ஆளைத் தனியாக எழுந்து வா என்றால் நடக்காது, யாராவது கை கொடுக்க வேண்டும். ஹவாயின் கவாய் தீவில் 1955ல் பிறந்த குழந்தைகளை எமி வெர்னர் என்ற உளவியலாளர் பல பத்தாண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்தார். வறுமை, குடும்பச் சண்டை என்று பல சிக்கல்களுக்கு நடுவே பிறந்த குழந்தைகளில் மூன்றில் ஒரு பங்கினர் நல்லபடியாக வளர்ந்தார்கள். அவர்களிடம் திரும்பத் திரும்பத் தெரிந்த ஒரு விஷயம், அக்கறையோடு கூடவே நின்ற ஒரு பெரியவராவது அவர்களுக்கு இருந்தார் என்பது. அது பெற்றோராகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை.

உங்கள் கடிதத்தில் அப்படி ஒருவரையும் காணவில்லை. அம்மாவை யார் யார் பார்த்துக்கொள்கிறீர்கள்? கூடப் பிறந்தவர்களோ உறவுக்காரர்களோ ஏதாவது செய்யட்டுமா என்று கேட்கும்போது பரவாயில்லை, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிடுகிறீர்களா? இனிமேல் அப்படிச் சொல்லாதீர்கள். செவ்வாய்க்கிழமை மருத்துவரிடம் நீ கூட்டிக்கொண்டு போ என்று நாளையும் வேலையையும் சேர்த்துச் சொல்லுங்கள். பொதுவாக உதவி கேட்டால் எல்லாரும் தலையாட்டுவார்கள், குறிப்பாகக் கேட்டால்தான் வருவார்கள்.

இவ்வளவும் செய்து சில மாதங்களில் ஒன்றும் அசையவில்லை என்றால் வேறு வேலை பாருங்கள். அதைத் தோல்வி என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். இன்னொன்று, மனச்சோர்வோ எதிலும் நாட்டமின்மையோ இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாட்கள், நாளின் பெரும்பகுதி இருந்தால், மேலே சொன்ன எதையும் முயன்றுகொண்டிருக்காமல் மருத்துவரைப் பாருங்கள். வாழவே பிடிக்கவில்லை என்று தோன்றினால் அன்றைக்கே போங்கள், கூட ஒருவரை அழைத்துக்கொண்டு.