பெரிய விமானத்துக்குக் கண்ணாடிப் பெட்டி: கேட்டவர்களுக்குப் பதில்

எங்கள் வீட்டு ஹாலில் மாதிரி விமானங்கள் வைத்திருக்கும் கண்ணாடிப் பெட்டியின் படத்தைப் போட்டதிலிருந்து கேள்விகள் வந்துகொண்டே இருக்கின்றன. தனித்தனியாகப் பதில் எழுத முடியவில்லை, அதனால் எல்லாவற்றையும் சேர்த்து இங்கே. இதுவரை நாலு பெட்டி செய்திருக்கிறேன். அதில் இரண்டு தப்பாகப் போனவை. 1:400 அளவில், அதாவது அசலில் நானூறில் ஒரு பங்காக, உள்ளங்கையில் நிற்கிற குட்டி விமானங்களைப் பற்றி இங்கே பேச்சில்லை, அவை எந்தப் புத்தக அலமாரியிலும் நிற்கும். 1:100, 1:72 என்று டீப்பாய் முழுவதையும் பிடித்துக்கொள்கிற பெரிய உருப்படிகளுக்குத்தான் இந்தப் பாடெல்லாம்.

தாம்பரத்திலிருந்து ஒரு தம்பி: அண்ணா, 1:100 அளவில் ஏர்பஸ் ஏ380 வாங்கிவிட்டேன். பெட்டி எவ்வளவு பெரிதாக வேண்டும்?

1:100 என்றால் கணக்கு சுலபம் தம்பி. அசல் விமானத்தின் மீட்டரை அப்படியே சென்டிமீட்டராகப் படித்துக்கொள்ளுங்கள். ஏ380 நீளம் 72.7 மீட்டர், இறக்கை நுனிக்கு நுனி கிட்டத்தட்ட 80, உயரம் 24. உங்கள் மேஜையில் இருப்பது 73-க்கு 80 செ.மீ. சுவரை ஒட்டி நேராக நிறுத்தினால், எந்தப் பக்கம் திருப்பினாலும் இரண்டரை அடி ஆழமாவது ஹாலுக்குள் நீட்டிக்கொண்டு நிற்கும்.

அதனால் மூலைவாட்டாகத் திருப்புங்கள். ஒரு பெரிய அட்டையில் விமானத்தைக் கவனமாக வைத்து, சுற்றி பென்சிலால் வரைந்து, வெட்டி எடுத்துத் தரையில் 45 டிகிரி சாய்த்துப் போட்டுப் பாருங்கள். ஏ380 சுமார் 65 செ.மீ. சதுரத்துக்குள் அடங்கிவிடும். பார்க்கவும் மூலைவாட்டுதான் அழகு. மூக்கு, இன்ஜின், வால் மூன்றும் ஒரே பார்வையில் தெரியும்.

ஆனால் எல்லா விமானத்துக்கும் இது ஒத்துவராது. 1:72 கான்கார்ட் சுமார் 86 செ.மீ. நீளம், அகலமோ 36 செ.மீ.தான். அதை மூலைவாட்டாக வைத்தால் வேண்டாத இடமெல்லாம் வீணாகும். கான்கார்டைச் சுவருக்கு இணையாகத்தான் வைக்க வேண்டும்.

அட்டை அளவு கிடைத்ததும் நாலு பக்கமும் குறைந்தது 5 செ.மீ. சேருங்கள். ஸ்டாண்டில் மூக்கைத் தூக்கி வைப்பவர்கள் உயரத்தையும் பார்க்க வேண்டும். 70 செ.மீ. நீளமுள்ள விமானத்தை 20 டிகிரி தூக்கினால், மூக்குக்கும் வாலுக்கும் இடையே 24 செ.மீ. உயர வித்தியாசம் வந்துவிடும்.

சேலத்திலிருந்து: கதவு ஸ்லைடிங் நல்லதா, கீல் வைத்ததா? கார்பெண்டர் ஸ்லைடிங்தான் என்கிறார்.

எல்லாரும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். என் முதல் பெட்டி உள்ளளவு மூன்று அடி அகலம். வைக்க நினைத்தது 1:100 போயிங் 747, ஏர் இந்தியா. 1971-இல் வந்த ‘எம்பரர் அசோகா’ என்ற விமானத்தின் காலத்து வண்ணம், ஜன்னலைச் சுற்றி ராஜஸ்தான் அரண்மனை வளைவு வரைந்தது. நீளம் 70 செ.மீ., இறக்கை 60. பெட்டிக்குள் தாராளமாக இடம் இருந்தது. ஆனால் இரண்டு கண்ணாடி ஸ்லைடிங் கதவில் எந்தப் பக்கம் தள்ளினாலும் பாதிதானே திறக்கும்? எனக்குக் கிடைத்த வாசல் 43 செ.மீ.

கட்டிலை வாசல் வழியாக ஏற்றுவதுபோல விமானத்தை ஒருக்களித்து, மூக்கை முதலில் விட்டு மெதுவாக நுழைத்தேன். ஒரு இறக்கை உள்ளே போய்விட்டது. அடுத்ததைத் தாழ்த்தியபோது இடது கோடி இன்ஜின் அலுமினியத் தண்டவாளத்தில் மாட்டி, ‘டக்’ என்று ஒரு சத்தம். இன்ஜின் உருண்டு போய் மூலையில் நின்றது. ஒட்டிவிட்டேன். ஆனால் அந்த இன்ஜின் இன்றும் லேசாக வெளிப்பக்கம் பார்த்தபடிதான் இருக்கிறது.

பெட்டிக்குள் விமானம் நின்றால் மட்டும் போதாது. விமானத்தைப் பிடித்த இரண்டு கையும் சேர்ந்து உள்ளே போய், கை மட்டும் திரும்பி வர வேண்டும். அதனால் முன்பக்கம் முழுசாகத் திறக்கட்டும். இரண்டு கதவும் கீலில் வெளிப்பக்கம் விரியலாம். இல்லாவிட்டால் அடிப்பலகையில் விமானத்தை வைத்து, மேலிருந்து கண்ணாடிக் கூண்டைக் கவிழ்க்கலாம். ஏற்கெனவே ஸ்லைடிங் போட்டுவிட்டவர்கள் கண்ணாடியை மேலே தூக்கிக் கழற்ற முடிகிறதா என்று பாருங்கள். மேல் தண்டவாளம் ஆழமாக இருந்தால் முடியும்.

கோவை வாசகர்: கண்ணாடியா, அக்ரிலிக்கா?

நின்ற இடத்திலேயே நிற்கும் பெட்டிக்கு என் ஓட்டு கண்ணாடிக்கு. கவிழ்க்கும் கூண்டுக்கு அக்ரிலிக். காரணம் எடை. ஒரு சதுர மீட்டர் கண்ணாடி, ஒவ்வொரு மில்லிமீட்டர் தடிமனுக்கும் இரண்டரை கிலோ. மூன்றடிக்கு இரண்டடி, 5 மி.மீ. கண்ணாடி என்றால் ஒரு பக்கமே 7 கிலோ. அக்ரிலிக் அதில் பாதிக்கும் குறைவு. ஐந்து பக்கக் கூண்டைக் கண்ணாடியில் செய்து தூக்கிப் பாருங்கள், இடுப்பு பதில் சொல்லும்.

அக்ரிலிக்கின் குறை கீறல். காய்ந்த துணியால் துடைத்தால் நிலைமின்சாரம் ஏறி, துடைக்கத் துடைக்கத் தூசியை இழுக்கும். ஈர மைக்ரோஃபைபர் துணி போதும். அம்மோனியா கலந்த கண்ணாடி கிளீனர் பக்கமே போகாதீர்கள், மெல்லிய வெடிப்புக் கோடுகள் விழும்.

குழந்தைகள் இருக்கும் வீடு என்றால் டஃபன்ட் கண்ணாடி. அதைச் சூடேற்றிப் பக்குவப்படுத்திய பிறகு வெட்டவோ துளை போடவோ முடியாது. கீல், பூட்டு, ஒயர் எல்லாவற்றுக்கும் துளை எங்கே என்று முதலிலேயே தாளில் குறித்துக் கடையில் கொடுத்துவிடுங்கள்.

மதுரை சார் ஒருவர்: வெள்ளை உலோகச் சக்கரங்களின் மேல் சாம்பல் மாதிரி பூக்கிறது. மரத்தினாலா?

இருக்கலாம் சார். மரமும், மரநாரை அழுத்திச் செய்த எம்டிஎஃப் போன்ற பலகைகளும் அமில ஆவியை விட்டுக்கொண்டே இருக்கும். திறந்த அலமாரியில் அது கலைந்துவிடும், மூடிய பெட்டியில் தேங்கும். ஈயம் கலந்த வெள்ளை உலோக உதிரிகள் அதில் வெள்ளையாகப் பூத்துப் பொடியும். நல்ல ப்ளைவுட் வாங்கி எல்லா விளிம்பையும் லாமினேட்டால் மூடி, பெட்டியை இரண்டு மூன்று வாரம் காலியாகத் திறந்து வையுங்கள். மூக்கை உள்ளே விட்டால் வாசனை வரக் கூடாது. சிலிகான் பசையிலும் இதே வம்பு உண்டு. காயும்போது வினிகர் நெடி அடிப்பது அசிட்டிக் வகை. கடையில் ‘நியூட்ரல் சிலிகான்’ என்று கேட்டு வாங்குங்கள்.

நாகப்பட்டினத்திலிருந்து ஒரு சகோதரி: கடலோர ஈரம். அலமாரியில் போடுவதுபோல பாச்சை உருண்டை போட்டு வைக்கலாமா?

தயவுசெய்து வேண்டாம்மா. பாச்சை உருண்டை நாஃப்தலீன். அதன் ஆவி, பிளாஸ்டிக் கிட்டுகள் செய்யப்படும் பாலிஸ்டைரீனையே இளக்கிவிடும். பூச்சி சாகும், கூடவே விமானமும். சிலிகா ஜெல் போதும். பலகைக்கு அடியில் ஒரு சின்ன டிராயர் வைத்து, மேலே நாலைந்து துளை போட்டு, அதற்குள் வையுங்கள். ஈரம் குடித்ததும் நிறம் மாறும் வகையாக வாங்கினால் ஓவனில் 120 டிகிரியில் காயவைத்துத் திரும்பப் பயன்படுத்தலாம். சின்ன ஈரமானி ஒன்றும் உள்ளே இருக்கட்டும். 50 சதவீதத்தைச் சுற்றி நின்றால் நிம்மதி.

டை-காஸ்ட் (உருக்கி அச்சில் வார்த்த) உலோக விமானம் வைத்திருப்பவர்கள் ஒன்று கவனியுங்கள். துத்தநாகக் கலவையில் ஈயம் போன்ற அசுத்தம் சேர்ந்திருந்தால், வருடங்கள் போகப் போக உள்ளிருந்தே வெடிப்பு விடும். ஈரமும் சூடும் அதைத் துரிதப்படுத்தும். அதற்கு மருந்து கிடையாது.

திருச்சி தம்பி: எவ்வளவு இறுக்கி மூடினாலும் தூசி வருகிறதே அண்ணா?

பெட்டி மூச்சு விடுகிறது தம்பி. பகலில் சூடாகி உள்ளே உள்ள காற்று வெளியேறும், இரவில் குளிர்ந்து வெளிக்காற்றை இழுக்கும். நீங்கள் எல்லாப் பக்கமும் அடைத்தால் மிச்சமிருக்கிற மயிரிழை இடுக்கு வழியாகத் தூசியோடு வரும். அதற்கு நாமே ஒரு வழி விட்டுவிடுவது நல்லது. பின்பக்கம் கீழே ஒரு ரூபாய் அளவுக்கு இரண்டு துளை போட்டு, உள்ளிருந்து நெருக்கமான ஃபில்டர் துணி ஒட்டுங்கள். கதவு விளிம்பில் பிரஷ் ஸ்ட்ரிப். அதற்கப்புறம் வருடம் ஒரு தடவை மெல்லிய மேக்கப் பிரஷ்ஷால் தட்டினால் போதும். (வீட்டில் கேட்டுவிட்டு எடுங்கள்.)

பெங்களூரிலிருந்து: விளக்கு எப்படி?

எல்இடி ஸ்ட்ரிப், 4000 கெல்வின், முன்பக்க மேல் விளிம்பில் உள்நோக்கி. நடுவில் வைத்தால் முதுகு பளபளக்கும், முகம் இருட்டாகும். மின்சாரத்தை 12 வோல்ட்டாக மாற்றும் டப்பா சூடாகும், அது பெட்டிக்கு வெளியே இருக்கட்டும். ஹாலோஜன் வேண்டவே வேண்டாம். ஆனால் பெரிய எதிரி ஜன்னல் வெயில்தான். வெள்ளை மஞ்சளாகும், டெக்கால் என்கிற ஒட்டுப் படங்களின் சிவப்பு வெளிறும். பின்பக்கம் முகம் பார்க்கும் கண்ணாடி பதிக்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். நகைக்கடை மாதிரி இருக்கும், எனக்குப் பிடிக்காது. மங்கலான சாம்பல் நிறம் அடியுங்கள், விமானம் தனியாக எடுத்துத் தெரியும்.

சிங்கப்பூரிலிருந்து: வாடகை வீடு, சுவரில் துளை போடக் கூடாது.

20-க்கு 20 மி.மீ. அலுமினியச் சட்டம், ஆலன் சாவியால் முடுக்குவது, நடுவில் அக்ரிலிக். வீடு மாறும்போது கழற்றிக் கட்டிக்கொள்ளலாம். உயரமாக வேண்டாம், இடுப்பளவுக்குக் கீழே அகலமாக நிற்கட்டும். உயரமான பெட்டியைச் சுவரில் பிணைக்காமல் நிறுத்தினால், பிள்ளைகள் பிடித்துத் தொங்கினாலே கவிழ்ந்துவிடும்.

கும்பகோணத்திலிருந்து: எல்லாம் சரி அண்ணா, அந்தப் பெட்டியை நவராத்திரிக்குக் கொலு வைக்கத் தரச் சொல்கிறாள் மனைவி. என்ன செய்ய?

எங்கள் வீட்டிலும் இதே வழக்கு நடந்தது. பத்து நாள் விமானங்கள் அட்டைப் பெட்டிக்குப் போகும், பொம்மைகள் உள்ளே வரும் என்று தீர்ப்பானது. அதனால் வாங்கும்போது வந்த தெர்மகோல் அச்சைத் தூக்கிப் போடாதீர்கள், வீடு மாறும்போதும் அதுதான் காப்பாற்றும். போன வருடம் 747-ஐ மட்டும் பேச்சுவார்த்தை நடத்தி உள்ளேயே விட்டுவைத்தேன். மேல்படியில் தசாவதாரம், கீழே ஏர் இந்தியா. சுண்டல் வாங்க வந்த பிள்ளைகள் முதலில் பார்த்தது அந்தக் கோணல் இன்ஜினைத்தான்.