டிரம்மர் தேக்கோங் போகுமுன் என்ன செய்யலாம்?

கேள்வி: அண்ணா, சிங்கப்பூர் ஈசூனில் நாங்கள் நாலு பேர் ஒன்றரை வருடமாக ராக் பேண்ட் வைத்திருக்கிறோம். நான் பேஸ் கித்தார் வாசிக்கிறேன். சமூக மன்ற நிகழ்ச்சிகளில் சினிமாப் பாட்டு வாசித்திருக்கிறோம். சொந்தமாகத் தமிழில் மூன்று பாட்டு இருக்கிறது. மேடையில் நாங்கள் எவ்வளவு குதித்தாலும் கூட்டம் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறது. ஏழு மாதத்தில் டிரம்மர் தேசிய சேவைக்காகத் தேக்கோங் தீவு ராணுவ முகாமுக்குப் போகிறார். அதற்குள் பெயர் வாங்கிவிட முடியுமா?

பதில்: பெயர் வாங்க ஏழு மாதம் போதாது, தங்கச்சி. நம் ஊர் ருத்ரா மெட்டல் குழு 1992இல் தொடங்கியது, முதல் முழு ஆல்பம் வந்தது 1998இல். ஆனால் இன்னும் மூன்று பாட்டு எழுதி, ஆறையும் அரை மணி நேர நிகழ்ச்சியாகத் தேற்ற ஏழு மாதம் தாராளம். அதோடு டிரம் பதிவையும் முடித்துவிடலாம். அதுதான் உங்கள் இலக்காக இருக்கவேண்டும்.

முதலில் கூட்டம் ஏன் அசையவில்லை என்று பார்ப்போம். நீங்கள் குதிப்பதற்கும் பாட்டின் வேகத்துக்கும் இதில் பங்கு குறைவு. காலால் மிதித்து அடிக்கும் பெரிய டிரம்மும் உங்கள் பேஸும் ஒரே நொடியில் விழுந்தால்தான் கேட்பவர் நெஞ்சில் இடிக்கும். பேஸ் ஒரு இழை பிந்தினாலும் அடி மழுங்கிவிடும். அதனால் ஒவ்வொரு ஜாமிங்கிலும் முதல் அரை மணி நேரம் நீங்களும் டிரம்மரும் மட்டும் வாசியுங்கள். கித்தார்காரரும் பாடகரும் வெளியே போய் தே தாரேக் குடித்துவிட்டு வரட்டும். சீராகத் தாளம் தட்டும் மெட்ரோனோம் போட்டு வாசித்து, கைப்பேசியில் பதிவு செய்து கேளுங்கள். மேடைப் பதற்றத்தில் பெரும்பாலான டிரம்மர்கள் தங்களை அறியாமல் ஓடுவார்கள். வீட்டில் நிமிடத்துக்கு 150 அடியில் போன பாட்டு மேடையில் 165க்கு ஏறிவிடும், பாடகருக்கு மூச்சு விட இடம் இருக்காது.

அடுத்தது இடைவெளி. ஆறு பாட்டுக்கு நடுவே ஐந்து இடைவெளி. ஒவ்வொன்றிலும் சுருதி சேர்த்து, தண்ணீர் குடித்து, “அடுத்து எது?” என்று கேட்டு ஒன்றரை நிமிடம் போனால் மொத்தம் ஏழரை நிமிடம். அரை மணி நேரத்தில் கால்வாசி! சூடேறிய கூட்டம் அந்த நேரத்தில்தான் ஆறிப்போகிறது. ஒரே டியூனிங்கில் உள்ள பாட்டுகளை அடுத்தடுத்து வையுங்கள். ஒருவர் பேசும்போது மற்றவர் சத்தமில்லாமல் டியூனர் பெடலில் சுருதி பார்க்கட்டும். இதையும் பாட்டைப் போலவே ஒத்திகை பாருங்கள்.

தமிழில் ராக் எழுதுவதில் ஒரு சங்கடம் உண்டு, பலர் கவனிப்பதில்லை. ஆங்கில மெட்டை மனதில் வைத்துக்கொண்டு வார்த்தை போடும்போது குறில் நெடிலாகிவிடும். “என்னை விடு” என்று எழுதி அந்த ‘வி’யை நாலு தாளத்துக்கு இழுத்துப் பாருங்கள், “என்னை வீடு” என்று கேட்கும். ‘படு’ இப்படித்தான் ‘பாடு’ ஆகும். சோகப் பாட்டில் இது நடந்தால் முன்வரிசையில் சிரிப்புதான். நீண்ட சுரத்துக்கு நெடில் உள்ள சொல்லைத் தேடுங்கள், குறில்களை வேகமான இடத்தில் தூவுங்கள். ‘தட்டு’, ‘வெட்டவெளி’ போன்ற சொற்களில் வரும் ‘ட்ட’ ஸ்னேர் டிரம் அடியோடு விழும்படி வைத்தால் அந்தச் சொல்லே ஒரு வாத்தியமாகிவிடும். இந்த விஷயத்தில் தமிழ் நமக்குப் பெரிய வரம் என்பேன்.

எங்கே வாசிப்பது? சமூக மன்றக் கூட்டம் தெரிந்த சினிமாப் பாட்டுக்காக வருகிறது, அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. சொந்தப் பாட்டு வாசிக்கும் வேறு இரண்டு பேண்டுகளோடு சேர்ந்து ஒரு சின்ன இடம் பிடியுங்கள். அவர்கள் சீனர், மலாய்க்காரர் யாராக இருந்தாலும் சரி. பேண்டுக்கு இருபது நண்பர்களை அழைத்துவந்தால் அறுபது பேர், அதில் நாற்பது பேர் உங்களை முதல்முறை கேட்பவர்கள். அப்புறம் எஸ்பிளனேட் கலை அரங்கின் பேபீட்ஸ் இசை விழா இருக்கிறது. சினிமாவுக்கும் பாப்புக்கும் வெளியே உள்ள இசைக்கென்றே நடப்பது. புதிய பேண்டுகளைத் தேர்வு வைத்து எடுத்து, அனுபவசாலிகளைக் கொண்டு பயிற்சியும் கொடுப்பார்கள். தேர்வு அறிவிப்பு வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருங்கள். அங்கேயே ஆண்டுக் கடைசியில் நடக்கும் இந்தியக் கலை விழாவான கலா உற்சவத்தையும் விடவேண்டாம்.

இனி டிரம்மர் விஷயம். நான் பச்சை உடுப்பு மாட்டியபோது எங்கள் பேண்ட் கலைந்தது, காரணம் தேசிய சேவை இல்லை. கையில் ஒரு பாட்டுகூடப் பதிவாகியிருக்கவில்லை, அதனால் மற்றவர்களுக்குச் செய்ய வேலையே இல்லை. கித்தார், பேஸ், குரல் மூன்றையும் வீவக அடுக்குமாடி வீட்டுப் படுக்கையறையில் ஒரு மடிக்கணினியை வைத்தே பதிவு செய்யலாம். டிரம்ஸுக்கு நல்ல அறையும் பல மைக்குகளும் வேண்டும். மின் டிரம்மைக்கூட வீட்டில் வைத்தால் பெடல் அதிர்வு தரை வழியே கீழ்வீட்டு ஆண்ட்டியை எழுப்பிவிடும். ஆகவே டிரம்மர் கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே ஒரு முழு நாள் ஸ்டூடியோ எடுத்து ஆறு பாட்டுக்கும் டிரம்ஸ் மட்டும், மெட்ரோனோம் கிளிக்கைக் காதில் கேட்டபடி, பதிவு செய்துவிடுங்கள். மீதியை அவர் இல்லாத மாதங்களில் நிதானமாகச் சேர்த்து, ஒவ்வொரு பாட்டாக வெளியிடலாம். மேடைக்கு மாற்று டிரம்மர் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அதை இவரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்.

வெளியிடுமுன் எந்தப் பாட்டில் யாருக்கு எத்தனை சதவீதம் என்று எழுதி நாலு பேரும் கையெழுத்துப் போடுங்கள். எழுதியவர்கள் பாடல் உரிமைத்தொகை வசூலிக்கும் காம்பஸ் அமைப்பில் சேர்ந்து பாட்டைப் பதிவு செய்தால், பொது இடத்தில் ஒலிக்கும்போது வரும் உரிமைத்தொகை கைக்கு வரும். சின்னத் தொகைதான், ஆனால் சண்டைக்கு அது போதும்.

பதிவு நாளுக்கு டிரம் தோல்களைப் புதிதாக மாற்றுவதென்றால் முந்தின நாளே மாற்றச் சொல்லுங்கள். அன்று காலை மாற்றினால் தோல் இழுபட்டு நாள் முழுக்கச் சுருதி இறங்கிக்கொண்டே இருக்கும், ஸ்டூடியோ கட்டணம் ஏறிக்கொண்டே இருக்கும்.