பழைய ராக் டி-ஷர்ட்டில் 50 இஞ்ச் கிடைக்குமா?

கேள்வி: கேரளத்தில், பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் இருக்கிறேன். என் மார்பளவு 50 இஞ்ச். 80, 90களில் வந்த ராக் இசைக்குழு டி-ஷர்ட்டுகள் என்றால் எனக்கு உயிர். இன்ஸ்டாகிராமில் பழைய துணி விற்கும் திருப்பூர்க்காரர் ஒருவர், ‘டபுள் எக்ஸெல், 50 இஞ்ச் வரை தாராளமாக வரும்’ என்று போட்டிருந்தார். நம்பி 1,800 ரூபாய் அனுப்பினேன். வந்த சட்டை தோளைத் தாண்டி இறங்கவே இல்லை. அளந்து பார்த்தால் 46 இஞ்ச்தான். திருப்பி எடுக்க மாட்டேன் என்கிறார். என் போன்ற உடம்புக்கு இந்தச் சட்டைகள் கிடைக்கவே கிடைக்காதா?

பதில்: கிடைக்கும் அம்மா. கொஞ்சம் தேட வேண்டும், அவ்வளவுதான். முதலில் உங்கள் பணத்தைப் பார்த்துவிடுவோம்.

50 வரும் என்று எழுதிவிட்டு 46 அனுப்பினால், அது சொன்ன பொருளே இல்லை. விளம்பரத்தில் சொன்னதற்கு மாறான பொருளைத் திருப்பி எடுக்க மறுக்கக் கூடாது என்று 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் சொல்கின்றன. ‘நோ ரிட்டர்ன்’ என்று பக்கத்தின் தலையில் எழுதி வைத்திருந்தாலும் அது இங்கே செல்லாது. சட்டையை மேசையில் விரித்து, இஞ்ச் டேப்பை மேலே வைத்துப் போட்டோ எடுங்கள். அவருடைய பழைய பதிவையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, இரண்டையும் சேர்த்து அவருக்கே அனுப்பிப் பணத்தைக் கேளுங்கள். மசியவில்லையா, 1915க்குப் போன் செய்யுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் அது, தமிழிலும் பேசலாம். அதற்கும் சரிவராவிட்டால் வழக்கு. விற்றவர் தமிழ்நாட்டில் இருக்கிறாரே, அங்கே அலைய வேண்டுமே என்று தயங்க வேண்டாம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே புகார் கொடுக்கலாம். பாலக்காடு மாவட்ட நுகர்வோர் ஆணையம் போதும். இவ்வளவு சிறிய தொகைக்குக் கட்டணமும் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். ஒரு விஷயம்: தொழிலாக விற்பவருக்குத்தான் இதெல்லாம். வீட்டு அலமாரியைக் காலி செய்ய ஒரே ஒரு சட்டையை விற்றவரிடம் இந்த வழி எடுபடாது.

இனி அளவு. அந்தக் காலத்து எக்ஸெல்லும் இன்றைய எக்ஸெல்லும் ஒன்றில்லை. 80களின் சட்டைகள் பெரும்பாலும் ஒடுக்கமாக இருக்கும். முப்பது நாற்பது வருடமாகத் துவைத்துத் துவைத்து நீளத்திலும் சுருங்கியிருக்கும். அதனால் லேபிளில் உள்ள எழுத்தைப் பார்க்கவே பார்க்காதீர்கள். உங்களுக்கு நன்றாகப் பொருந்தும் ஒரு டி-ஷர்ட்டைத் தரையில் விரித்து, இழுக்காமல் ஒரு அக்குளிலிருந்து மறு அக்குள் வரை அளந்து வைத்துக்கொள்ளுங்கள். 50 இஞ்ச் மார்புக்கு அந்த அகலம் 26 அல்லது 27 இருந்தால்தான் மூச்சு விட முடியும். விற்பவரிடமும் அதே அளவைக் கேளுங்கள், டேப் வைத்த போட்டோவோடு.

கையை மறந்துவிடாதீர்கள். என் தம்பியும் கனத்த உடம்புக்காரன். அவனுக்கு மார்பில் சரியாக வரும் சட்டை மேற்கையில் போய் இறுக்கிக்கொள்ளும். கை ஓரத்தின் அகலத்தையும், தோளிலிருந்து கீழ் ஓரம் வரை நீளத்தையும் கேட்காமல் அவன் இப்போதெல்லாம் பணம் அனுப்புவதில்லை.

எங்கே தேடலாம்? 90களில் தொளதொள உடை ஃபேஷனானது. அதனால் 80களை விட 90களின் பிற்பாதியிலும் 2000களின் தொடக்கத்திலும் வந்த சட்டைகளில் உங்கள் அளவுக்கு வாய்ப்பு அதிகம். அப்புறம், பெங்களூரில் படித்த, வேலை பார்த்த சொந்தக்காரர்களைக் கேளுங்கள். 2007 மார்ச் 17 அன்று அயர்ன் மெய்டன் இசைக்குழு அங்கே அரண்மனை மைதானத்தில் பாடியது. 2011 அக்டோபரில் மெட்டாலிகா குழு வந்தது. அந்த நாட்களில் வாங்கிய சட்டைகள் எத்தனையோ வீடுகளில் மடித்த மடிப்போடு கிடக்கும். எனக்கு அவைதான் பெரிய பொக்கிஷம்.

திருப்பூர் காதர்பேட்டைத் துணிச்சந்தைக்கு ஒரு நடை போய் வருவதும் நல்லது. எக்ஸ்போர்ட் சர்ப்ளஸில் வெளிநாட்டு ஆர்டருக்குத் தைத்த 3எக்ஸெல், 4எக்ஸெல் கிடைக்கும். ஆனால் அது புதுச் சட்டை. புதுச் சட்டையின் விலைதான் கொடுக்க வேண்டும்.

மனசுக்குப் பிடித்த படம், அளவு மட்டும் 46 என்றால் தையல்காரரிடம் கொடுங்கள். இரண்டு பக்கமும் வெட்டி, வேறொரு பழைய பனியன் துணியில் மூன்று இஞ்ச் பட்டியைக் கீழ் ஓரத்திலிருந்து கை ஓரம் வரை கொடுத்து ஓவர்லாக் அடித்தால் 52 ஆகிவிடும். திருப்பித் தரப்போகும் சட்டையில் மட்டும் கத்திரி வைத்துவிடாதீர்கள்!

கேள்வி: வாளையாரில் ஒரு தம்பி 4,500 ரூபாய்க்கு ஒரு சட்டை காட்டினான். படத்துக்குக் கீழே 1992 என்று அச்சாகியிருக்கிறது. வாங்கலாமா?

பதில்: அந்த வருடம் படத்துக்கு உரியது, சட்டைக்கு இல்லை. போன மாதம் அச்சடித்தாலும் 1992 என்றே வரும். கை ஓரத்தையும் கீழ் ஓரத்தையும் பாருங்கள். 90களின் நடுப்பகுதி வரை அங்கே பெரும்பாலும் ஒரே வரிசைத் தையல்தான், அதன்பின் இரட்டை ஊசித் தையல் பரவலானது. இன்று ஒற்றைத் தையலையும் போலியாகப் போடுகிறார்கள் என்பதால் வெளுப்பையும் சேர்த்துப் பாருங்கள். உடுத்தி வெளுத்த சட்டை தோளிலும் காலரிலும் முதலில் வெளுக்கும், ஓரத்தின் உள்மடிப்பில் கறுப்பு மிஞ்சியிருக்கும். எங்கு பார்த்தாலும் ஒரே சீராக வெளுத்திருந்தால் அது ஃபேக்டரி வாஷாக இருக்கலாம். இதில் ஒன்று இடித்தாலும் 4,500 கொடுக்காதீர்கள்.

கேள்வி: சித்தூர் சந்தையில் வாங்கிய பழைய கறுப்பு டி-ஷர்ட் முதல் துவையலிலேயே காகிதம் போலக் கிழிந்தது. சோப்பு காரணமா?

பதில்: சோப்பைக் குறை சொல்ல வேண்டாம். சல்பர் பிளாக் என்ற கந்தகக் கறுப்புச் சாயம் போட்ட பருத்தி, வருடக்கணக்கில் மூட்டையில் கிடந்தால் சாயத்திலிருந்து அமிலம் உண்டாகி நூலை அரித்துவிடும். திருப்பூர் சாயப்பட்டறைக்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள். பார்வைக்குப் புதுசு போலவே இருக்கும். அடுத்த முறை வாங்கும் முன் கீழ் ஓரத்தை இரண்டு விரலால் மெதுவாக இழுத்துப் பாருங்கள். நூல் ‘பொட்’டென்று விட்டால் அங்கேயே வைத்துவிடுங்கள்.